மாமியார் கட்சி

முத்துமாரியம்மாளுக்கு எழுத்தாளர் சங்கரபாண்டியன் என்றால் பள்ளிக்கூடக் காலத்திலேயே உயிர். அவருடைய நாவலைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து வாத்தியாரிடம் அடி வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு வீடு, பிள்ளைகள், தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடுக்கும் வேலை என்று ஓடியதில் அவர் பெயரே மறந்து போயிருந்தது.

மழைக்காகக் கம்பெனிக்கு லீவு விட்ட ஒரு மத்தியானம், என்ன தோன்றியதோ, போனில் மைக்கை அழுத்திச் "சங்கரபாண்டியன்" என்றாள். அது மதுரையில் ஒரு லாட்ஜைக் காட்டியது.

"ஏலே, லாட்ஜ் இல்லலே! கதை எழுதுனவரு!" என்று போனை அதட்டினாள்.

இந்த முறை ஓர் இணைய நூலகம் திறந்தது. பழுப்பேறிய பக்கங்கள், யாரோ பென்சிலால் கோடு போட்ட வரிகள். அவள் அடி வாங்கிப் படித்த அதே நாவல்! அடுப்பில் பருப்பு தீய்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சிவகாசியிலிருந்து கிளம்பிய கம்பெனி வேனிலும் படித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டில் இருந்த யோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். போன ஆவணியில் கல்யாணம் ஆனவள்.

"என்னக்கா, தனியா சிரிக்கீக? சத்தமாப் படிங்க, நாங்களும் சிரிப்போம்ல."

படித்தாள். வேனே காதைத் தீட்டிக்கொண்டது. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு மருமகள் பொன்னம்மா படி இறங்கும் இடத்தில் கம்பெனி வாசல் வந்துவிட்டது. வெடிமருந்து புழங்கும் இடம் என்பதால் போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று முழுக்கக் கைகள் மத்தாப்பு அடுக்க, வாய்கள் பொன்னம்மா எங்கே போயிருப்பாள் என்று அலசின.

சின்ன வயதில் படித்தபோது கதையின் அந்த மாமியாரை முத்துமாரியம்மாளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இப்போது படித்தால், தையல் வகுப்புக்குப் போன மருமகள் திரும்பும்வரை கொல்லைக் கதவைத் தாழ் போடாமல் காத்திருக்கிறாள் அந்தக் கிழவி. அந்த வரியை அப்போது அவள் கவனிக்கவே இல்லை.

"இந்தக் கெளவி அம்புட்டு மோசமில்லடி" என்றாள் அடுத்த நாள் வேனில், வாசிப்பை நிறுத்தி.

"மகனுக்குக் கல்யாணம் முடிச்சதும் கட்சி மாறிட்டீகளாக்கா!" என்றாள் யோகேஸ்வரி.

அவ்வளவுதான், வேன் இரண்டாகப் பிரிந்தது. மருமகள் கட்சிக்குத்தான் ஆள் அதிகம்.

தினமும் கொஞ்சமாக வாசித்து, ஒரு காலை கடைசி அத்தியாயம் முடிய இரண்டு பக்கம் இருக்கும்போது கம்பெனி கண்ணில் பட்டது. அதுவரை வாயே திறக்காத டிரைவர் கோட்டைச்சாமி, வேனை ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினார்.

"முடிச்சிருங்கம்மா. கேட்டா பஞ்சர்னு சொல்லிக்கிடுதேன்."

பொன்னம்மா திரும்பி வந்தாள். கிழவி மன்னிப்பும் கேட்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. "சோறு ஆறுது, கைகாலக் களுவிட்டு வா" என்றாள். முத்துமாரியம்மாள் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தாள். யோகேஸ்வரி சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினாள்.

வாசலில் ஃபோர்மேன் நின்றிருந்தார். தாமதத்துக்குப் பஞ்சர் என்று கோட்டைச்சாமி காரணம் சொன்னதும் கேட்டார்: "எந்த டயரு பஞ்சரு?"

"முன்னாடி" என்றார் கோட்டைச்சாமி.

"பின்னாடி" என்றார்கள் பெண்கள் ஒரே குரலில்.

ஃபோர்மேன் சிரிப்பை அடக்க மாட்டாமல் உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார். போனை வாட்ச்மேனிடம் நீட்டும்போது யோகேஸ்வரி முத்துமாரியம்மாளின் தோளை இடித்தாள்.

"யக்கா, இவரு வேற என்னெல்லாம் எளுதிருக்காரு?"

"அது கெடக்கு எம்புட்டோ!"