முப்பத்தொன்பது நட்சத்திரங்கள்

தார்வாட் பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றின் கால்நடை உதவி மையத்தில் தொலைபேசி இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவர் மல்லேசப்பா. ஒரு வேலை நன்றாக அமைந்துவிட்டால் "பரவாயில்லை" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கண்ணால் கண்டதையும் இன்னொரு முறை பார்த்த பிறகுதான் கண்டதாக எடுத்துக்கொள்வார். அவருடைய மனைவி, குழம்பு எப்படி என்று கேட்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

அப்படிப்பட்டவரிடம் மேலாளர் ஹிரேமட் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அழைப்புகளை எடுக்கும் மூன்று பெண்களில் நீலவ்வா மட்டும் பேச்சின் நடுவே ஸ்டார் பொத்தானை அழுத்தி இணைப்பைத் துண்டிக்கிறாள், போன மாதம் மட்டும் நாற்பத்தொரு தடவை. கணினியின் பதிவு அப்படித்தான் சொன்னது. மற்ற இருவர் பெயரில் ஒன்றிரண்டுதான். கன்று போட முடியாமல் தவித்த எருமையின் பக்கத்தில் நின்று பேசிய ஒருவருக்கு லைன் அறுந்துபோய், அவர் நேரில் வந்து சத்தம் போட்டிருந்தார். மல்லேசப்பா கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையிலிருந்து நீலவ்வாவுக்கு வேலை இல்லை.

அவள் பொத்தானைத் தொடவே இல்லை என்றாள். ஹிரேமட் சிரித்தார்.

"மிஷினுக்கு உன் மேல என்னம்மா கோபம்?"

அது சரியான கேள்வி என்றுதான் மல்லேசப்பாவுக்குப் பட்டது. கோபமில்லாத சாட்சி பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் காதில் கோளாறு இருக்கக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா? இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

தொலைபேசிப் பொத்தான் ஒவ்வொன்றும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்பும். கணினி விரலைப் பார்ப்பதில்லை. அந்த இரட்டை ஒலியைக் கேட்டு இன்ன பொத்தான் என்று எழுதிக்கொள்கிறது. ஒலி எவ்வளவு சுத்தமாக இருந்தால் ஏற்பது என்று நாம்தான் அளவு வைக்க வேண்டும். அந்த அளவைச் சோதிக்க அவரிடம் ஒரு சிறு நிரல் இருந்தது. படம் கிடம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒலிப்பதிவின் பெயரைத் தட்டினால், தனக்குக் கேட்ட பொத்தான்களை அடுத்த வரியில் காட்டும்.

சனிக்கிழமை மதியம் நீலவ்வாவை மைக்கின் முன் உட்காரவைத்து, இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்து இருக்கை சாவக்கா விவசாயியாகப் பேசினாள்.

"அக்கா, எங்க எருமை நேத்துலேர்ந்து தீனி எடுக்கல. என் வீட்டுக்காரியும் கோவத்துல சாப்பிடல. நீங்க முதல்ல எருமையைப் பாருங்க."

"ஹா...ன்ரீ," என்றாள் நீலவ்வா.

அந்தப் பக்கத்துக் கன்னடத்தில் அது 'ஆமாங்க'. வாக்கியத்துக்கு ஒரு ஹான்ரீ போடாவிட்டால், பேசுகிறவர் நிறுத்திவிட்டு, லைனில் இருக்கிறீர்களா என்பார். மற்றப் பெண்கள் அதைச் சட்டென்று முடிப்பார்கள். நீலவ்வா கவனித்துக் கேட்கக் கேட்க, அவளுடைய 'ஹா' ஒரே சுருதியில் நீளும்.

அந்தப் பதிவை நிரலுக்குக் கொடுத்தார். திரையில் ஒரு நட்சத்திரக் குறி விழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. அவள் கைகள் மடியை விட்டு எழவேயில்லை; அவளுடைய 'ஹா'வைத்தான் நிரல் பொத்தான் ஒலி என்று எடுத்துக்கொண்டிருந்தது.

மல்லேசப்பாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. பழைய கைபேசிகளில் விவசாயிகள் அழுத்தும் எண்கள் கணினிக்குக் கேட்கவில்லை என்று மார்ச் மாதம் புகார் வந்தபோது, அளவைத் தளர்த்தியவர் அவரே. ஹிரேமட் எல்லார் முன்னாலும் அவரைப் பாராட்டினார். பேச்சுக் குரலை வைத்து ஒரு தடவை சோதித்திருக்கலாம். செய்யவில்லை.

அளவை இறுக்கினார், நட்சத்திரங்கள் மறைந்தன. ஆனால் பழைய கைபேசிகளின் பதிவுகளில் பத்துக்கு நான்கு கேட்காமல் போயின. இடையிலிருந்த அளவுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போவது ஒன்றும் இல்லை. கடைசியில் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தளர்வாகவே விட்டு, பெண்கள் பேசும் மூன்று கருவிகளுக்கு மட்டும் இறுக்கினார். போன மாதத்து நாற்பத்தொரு அழைப்புகளின் ஒலிப்பதிவையும் அந்த அளவில் ஓட்டினார். முப்பத்தொன்பது போயின. இரண்டு நின்றன. அவற்றைக் காதால் கேட்டார்; பேச்சு முடிந்த பிறகு பொத்தானை அழுத்திய சத்தம்தான்.

திங்கட்கிழமை அவர் சொன்னதையெல்லாம் ஹிரேமட் கேட்டுக்கொண்டார்.

"சரியாயிடுச்சுல்ல, விடுங்க. எழுத்துல எதுக்கு? மேல போனா உங்க பேரும் கெடும்."

"எழுதலைன்னா அவ பேருல நாற்பத்தொண்ணு அப்படியே இருக்கும், சாகேப்."

மேலாளர் பழைய தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். மல்லேசப்பா நகரவில்லை. மேலாளரே அதை வெளியே எடுத்துக் கிழித்துவிட்டு, மல்லேசப்பா எழுதிக் கொண்டுவந்திருந்த புதிய தாளில் கையெழுத்திட்டார்.

நீலவ்வா அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். முப்பத்தொன்பது தடவை எவரும் எதையும் அழுத்தவில்லை, மார்ச்சில் தான் வைத்த அளவே காரணம், மீதி இரண்டு பேச்சு முடிந்த பிறகு அழுத்தியவை என்று மல்லேசப்பா எழுதியிருந்தார். அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"அந்த ரெண்டையும் போட்டுட்டீங்களேண்ணா."

"அது நீ அழுத்தினதுதானே?"

"ஆமா, நான்தான்."

அவளுடைய மேஜையில் தொலைபேசி அடித்தது. தாளை அவர் கையிலேயே விட்டுவிட்டு அவள் எடுக்கப் போனாள்.