உட்கார்ந்து அளந்த கூரை

எங்கள் பட்டறைக் கூரையில் ஓட்டை விழுந்ததற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம். சம்மட்டி என் கையில் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் கூரையை அளந்தது அவர். உட்கார்ந்துகொண்டு அளந்தார்.

நாங்கள் இரும்பு அடிக்கிறவர்கள். அருவாள், மண்வெட்டி, கோடாலி. அவர் பலகையில் உட்கார்ந்து பழுத்த இரும்பைக் குறட்டில் பிடிப்பார். நான் எதிரில் நின்று சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பேன். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து இப்படித்தான்.

முன்பு ஊருக்குள் இருந்தோம். பக்கத்து இடத்தில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்ட வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பொறி பறக்கிற சமாச்சாரத்தில் யாரும் வாதம் பண்ணிக்கொண்டு நிற்பதில்லை. நாங்களும் நிற்கவில்லை. உலையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே, எந்தப் பட்டாசுக் கம்பெனியும் கண்ணுக்குத் தெரியாத கரிசல் காட்டுக்கு வந்தோம். அங்கே சீமைக்கருவேலம் தவிர வேறு மரம் கிடையாது. அதன் நிழலும் சல்லடையில் சலித்த மாதிரி விழும்.

இரும்பு அடிக்க நிழல் வேண்டும். உடம்பு வேகாமல் இருக்க மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் வைத்துப் பார்த்தால் பழுத்த இரும்பும் பழுக்காத இரும்பும் ஒரே நிறம். இன்னும் பழுக்கவில்லையே என்று உலையில் விட்டுவைத்தால் பொறி கக்கிக்கொண்டு எரிந்து வீணாகிவிடும். அதனால் கூரை அவசியம். ஓலை போட்டால் உலைப்பொறிக்கு ஒரு வாரம் தாங்காது. தகரம் போட்டால் மேலே ஒரு உலை, கீழே ஒரு உலை. சிவகாசியில் பிரஸ்காரர்கள் காலண்டர் அடித்து முடித்துக் கழிக்கிற அலுமினியத் தகடுகளை வாங்கிவந்து, இரண்டு அடுக்காக, நடுவில் காற்றுப் போக இடம் விட்டுப் போடலாம் என்று சொன்னது அவர். நல்ல யோசனை. அதற்கு மட்டும் பாராட்டு உண்டு.

தாயில்பட்டியில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நான் போயிருந்த இரண்டு நாளில் கூரையைப் போட்டு முடித்துவிட்டார். எப்படி அளந்தார் என்பதை அவரே பெருமையாகச் சொன்னார். தன் பலகையில் உட்கார்ந்தாராம். கைச்சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கினாராம். அதற்கு மேல் அரை முழம் விட்டுக் கம்பை வெட்டினாராம்.

"இருட்டா இருக்கணும்னுதான் தாழ்த்திப் போட்டேன். எம்புட்டுக் குளுமை பாத்தியா?"

குளுமைதான். என் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. நான் குட்டை. உள்ளே போனேன், தூக்குவாளியைத் திறந்தேன், உட்கார்ந்து சாப்பிட்டேன். மேலே பார்த்தால் தகட்டில் மங்கலாக நாலு பிள்ளையார், போன வருஷத்துக் காலண்டர். "நல்லாத்தான் போட்டிருக்கீக" என்றேன். நானும் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை முதல் வேலை ஒரு கோடாலி. விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குகிற கரிமூட்டக்காரர் ஒருவருக்கு. அவர் என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, கருவேலம் வெட்டி வெட்டிப் பழைய கோடாலியைத் தேய்த்துவிட்டார். இரும்பு மஞ்சளாகப் பழுத்து வந்தது. இவர் அதைப் பட்டறைக் கல்மேல் வைத்து "போடு" என்றார். நான் சம்மட்டியைத் தூக்கினேன். டமார் என்று ஒரு சத்தம். சம்மட்டி கீழே வரவில்லை. மேலே, ஒரு பிள்ளையாரின் தொந்தியில் மாட்டிக்கொண்டு நின்றது.

இவர் கூரையைப் பார்த்தார். கறுத்துக்கொண்டிருந்த இரும்பைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, பாத்து அடிக்கக் கூடாதா?"

"இரும்பப் பாக்கவா, கூரையப் பாக்கவா?"

"ரெண்டையுந்தான்."

கூரையை இன்னும் உயர்த்திப் போடுங்கள் என்றேன். வெளிச்சம் வந்துவிடுமாம், நிறம் தெரியாதாம். கல்லை ஓரத்துக்கு நகர்த்தினார். நான் கூரைக்கு வெளியே நின்று உள்ளே அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்கு நிழல், கல்லுக்கு நிழல், கரிமூட்டைக்குக்கூட நிழல். எனக்கு மட்டும் கத்திரி வெயில். மூன்று நாள் அடித்தேன். வெயிலில் நிற்கிற கண்ணுக்கு இருட்டில் கிடக்கிற இரும்பு எங்கே தெரியும்? மூன்றாம் நாள் குறட்டின் மூக்கில் ஒரு அடி விழுந்தது. இவர் கையை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அங்கே என்ன பேசினார் என்பது மறுநாள் கோடாலி கேட்டு வந்த கரிமூட்டக்காரர் சொல்லித்தான் தெரியும்.

"மதினி, ஒங்களுக்குக் கை நடுங்குதாம்ல? பிள்ளையார் வயித்துலயே போட்டுட்டீகளாம். சம்மட்டிக்கு வெளியாளு பாக்கச் சொல்லி அண்ணே டீக்கடையில சொல்லிவச்சிருக்காக."

எனக்குக் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அன்று முதலில் வந்தது பயம். கை நடுங்குகிறவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அந்தக் கல்லுக்கு எதிரில் எனக்கு இடம் கிடையாது. என் வயதில் புதிதாகப் போய்த் திரி பின்னவோ தீப்பெட்டி ஒட்டவோ எனக்குத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. எனக்குத் தெரிந்தது அடிப்பது.

கல்லைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். என் வீட்டுக்காரர் வந்ததும் அவருடைய பலகையில் நான் உட்கார்ந்தேன். இரும்பைப் பழுக்கவைத்துக் குறட்டில் பிடித்துக்கொண்டு, சம்மட்டியை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க அடிங்க."

அவர் விவரமானவர். முழங்காலை மடக்கி, சம்மட்டியைக் காது உயரத்துக்கு மட்டும் தூக்கி, ஆறு அடி அடித்தார். இரும்பு அசைந்து கொடுக்கவில்லை.

"அண்ணே, நான் கேட்டது கோடாலி. நீங்க அப்பளம்ல தட்டுறீக" என்றார் கரிமூட்டக்காரர்.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று ஓங்கினார். இரண்டாவது பிள்ளையாருக்கு விழுந்தது, அதுவும் நெற்றியில்.

இவர் பக்கத்துக் கம்பைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு இவர் சொன்னார்: "கம்பு லேசா எறங்கியிருக்கு."

கரிமூட்டக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் மட்டும் கம்பின் அடியைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

அந்த வாரமே என் பக்கத்துக் கம்புகளை மாற்றி நாலடி உயர்த்தினோம். அவர் பக்கம் தாழ்வு, என் பக்கம் உயரம். வெளிச்சத்தை மறைக்க நான் பழைய சாக்குகளைத் தைத்து மேற்கே தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். நிறம் நன்றாகத் தெரிகிறது, காற்றும் சில்லென்று வருகிறது. கோடாலியையும் அடித்து முடித்துக் கொடுத்துவிட்டோம். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நேற்று விஸ்வநத்தத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல தோள்.

"சம்மட்டிக்கு ஆளு வேணும்னீகளாமே. இங்கன இருந்தவுகளுக்குக் கை நடுங்குதாம்ல?"

நான் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு அவர் எதிரில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் உலைக்குள் எதையோ தேடுகிறார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, வேலை காலி இல்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். அவர் போனபிறகு இவரைக் கேட்டேன். "அது அப்ப சொன்னது" என்றார். அப்போது சொன்னதை இன்னும் மாற்றிச் சொல்லவில்லையே!

அதனால் இனி அவரிடமே நேராகச் சொல்கிறேன்: என்னிடம் தனியாகச் சொன்ன சமாதானம் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்கு லீவு. டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள் இருக்கும், நானும் வருவேன். கூரையை அளந்தது யார்? எப்படி அளந்தார்? சம்மட்டி அடிக்கிறவளுக்குக் கை நடுங்குகிறதா? மூன்றுக்கும் அத்தனை பேர் முன்னால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எழுந்து நின்று சொல்லுங்கள்.