பத்தொன்பதாம் வீட்டுக்காரி

சாவியக்காவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என நாங்கள் யாரும் நினைத்ததில்லை. அரசு வாடகைக் குடியிருப்பின் இருபத்து நான்கு வீட்டுச் சாவிகளும் அவள் இடுப்பில்தான். குழாய் வேலைக்கு வந்தவன் அரைகுறையாக முடித்துவிட்டு நழுவப் பார்த்தால் வாசலை மறித்துக்கொள்வாள். "ஒழுகறது நிக்கட்டும், அப்புறம் நீ போ." நான் குடியிருப்பு அலுவலகத்தில், வீடு கேட்டு வரும் மனுக்களை வாங்கி வரிசையாக அடுக்குகிறவன். பெரிய வேலை ஒன்றுமில்லை, "இல்லை" என்று பணிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

எங்கள் விதிகளை எழுதிய புண்ணியவான் ஒருநாள்கூட ஒழுகும் வீட்டில் படுத்திருக்க மாட்டான். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் பழுதுபார்க்க நிதி வரும். பழுதுபார்க்காத வீட்டில் ஆளைக் குடிவைக்கக் கூடாது. மூன்று வீடுகள் காலியானால் கட்டடத்தையே மூடிவிடுவார்கள். இரண்டு ஏற்கெனவே காலி. மேல்மாடியில் பத்தொன்பதாம் வீட்டுக்காரர் மகனோடு போய்விட, மூன்றாவதும் காலியானது. அதன் கூரையில் விரிசல், கதவில் பூட்டும் கெட்டிருந்தது. மீதி இருபத்தொரு குடும்பங்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சாவியக்கா யாரையும் கேட்கவில்லை. பதிவேட்டில் பத்தொன்பதுக்கு நேராக ஒரு பெண்ணின் பெயரை எழுதினாள். அப்படி ஒருத்தி உலகத்திலேயே இல்லை. சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவள், புருஷன் இல்லை, இடது காது கேட்காது. காதை ஏன் செவிடாக்கினாய் என்று பிற்பாடு கேட்டேன். "ஆபீசர் தட்டி யாரும் திறக்கலன்னா ஒரு காரணம் வேணாமா?" என்றாள்.

செவ்வாய்தோறும் காலையில் அங்கே போய்க் கொடியில் ஒரு பச்சைப் புடவையைப் போடுவாள். வாசலில் தன் பழைய செருப்பை வைப்பாள். மீட்டர் ஓடுவதற்காகக் குழாயைத் திறந்துவிட்டு, சோதனைக்கு வரும் அதிகாரியிடம் சொல்ல வேண்டிய கதையை அந்த வெற்று அறையில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள்.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாயன்று புடவை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் வேலை என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் செருப்பு வீட்டுக்குள் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்கடுத்த வாரம் மீட்டர், அவள் திறந்துவிட்டதைப்போல நான்கு மடங்கு ஓடியிருந்தது. அறையிலோ சொட்டு ஈரமில்லை, ஒரு தலைமுடி இல்லை. தான் எழுதியவளே வந்து குடியேறிவிட்டாள் என்று அக்கா நம்பினாள். அதன்பிறகு படியேறும்போதே, "நான்தான் வரேன், தண்ணி விட்டுட்டுப் போயிடறேன்" என்று குரல் கொடுப்பாள்.

அதிகாரி வந்தது பட்டப்பகலில். 'அந்தம்மா வேலைக்குப் போயிருக்கு சார்' என்ற பொய் அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. அவர் தட்டினார். கதவு உள்ளிருந்து திறந்தது.

பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி நின்றாள். அதிகாரி பதிவேட்டுப் பெயரைச் சொன்னார். அவள் வலது காதைத் திருப்பி, "நான்தான் சார், கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றாள். சலவைக்கூடம், இல்லாத புருஷன், எல்லாம் அக்கா சொல்லிப் பார்த்தபடியே சொல்லுக்குச் சொல் வந்தது. அதிகாரி கூரை விரிசலைக் குறித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த முகம் அக்காவுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் திங்கள்தோறும் எங்களிடம் வீடு கேட்டு வருகிறவள். பட்டியலில் பதினோராவது ஆள்.

"எப்படி உனக்கு இதெல்லாம்..."

"நீங்க வரப்போ மொட்டைமாடிக்குப் போயிடுவேங்கா. விரிசல் வழியா நல்லாக் கேக்கும்."

போகச் சொன்னால் கட்டடம் மூடப்படும். உண்மையை எழுதினால் அக்காவின் வேலை போகும், வீடும் போகும். அக்கா தன் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நிதி வந்தது, கூரையும் பூசப்பட்டது. அந்தப் பெண் திங்கள்தோறும் வீடு கேட்டு வருவதை மட்டும் விடவில்லை. வராவிட்டால் அவளுடைய சொந்தப் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். "என் பேர்ல ஒரு வீடு வரணுங்கா" என்பாள். குடியிருப்பிலோ எல்லோரும் அவளைப் பதிவேட்டுப் பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து வந்தது. வேறொரு கட்டடத்தில், முறையான வீடு. சாவி கொடுப்பதற்கு முந்தின நாள்தான் அக்கா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். சாவி கொடுக்க வந்திருந்தவர் புது அதிகாரி, அவளை அறியாதவர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டியலில் இருந்த அவளுடைய சொந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டேன்.

பெஞ்சில் அவள் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மூன்று முறைதான் கூப்பிட வேண்டும், ஆள் தானே எழுந்து வர வேண்டும், நாங்கள் சுட்டிக்காட்டக் கூடாது என்பது விதி. மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். "ஆள் இல்லை, அடுத்தவரைக் கூப்பிடுங்க" என்றார் அதிகாரி. அவருக்கு எதிரில் நான் அப்படியே எழுதினேன். அடுத்தவர் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அக்கா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் பேரைத்தானே கூப்பிட்டான், ஏண்டி எந்திரிக்கல?"

அவள் வலது காதைத் திருப்பினாள்.

"யார் பேருக்கா?" என்றாள்.