மாமாவின் தோட்டா மெஷினும் நான் வாங்கிய புது போல்ட்டும்

போன செவ்வாய்க்கிழமை, ஒரு தோட்டா மெஷினை மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் தென்காசிக்குப் போனேன்.

பதறாதீர்கள். நம் எல்லோருக்கும் சேர்த்து நானே பதறிவிட்டேன்.

அது என் மாமனாருடைய அப்பா காலத்துப் பொருள். மலையடிவாரத்து வயலில் பன்றி இறங்கும் என்பதால் லைசென்ஸோடு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார்களாம். தோட்டாவை நிரப்பியபின் அதன் வாயை மடித்து மூட ஒரு கைக்கருவி. பார்த்தால் மேஜை ஓரத்தில் திருகி மாட்டிச் சுற்றுகிற தேங்காய்த் துருவிதான். துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்தாயிற்று. வெடிமருந்தும் இல்லை, ரவையும் இல்லை. இந்த இரும்பு மட்டும் எங்கள் இலஞ்சி வீட்டு ஸ்டோர் ரூம் மேஜையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது.

மாமா ஞாயிறுதோறும் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. இந்த மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து நாளைக்குத் தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, இந்த வாரம் அதுக்கு நீ எண்ணெய் போட்டிரு. அவன் வேண்டாம், முரட்டுப்பய" என்றார். 'அவன்' என்றது என் கணவரை.

கல்யாணமாகி ஏழு வருடத்தில் இப்படி ஒரு பதவி உயர்வு எனக்குக் கிடைத்ததில்லை!

எண்ணெய் மட்டும் போட்டிருக்கலாம். போட்டேனா? மேஜையைக் கவ்வும் திருகு துருப்பிடித்திருந்தது கண்ணில் பட்டது. கண் தெளிந்து வருகிறவர் பளபளவென்று பார்க்கட்டுமே… பழையதைக் கழற்றி, ஹார்ட்வேர் கடையில் காட்டி, அதே தடிமனில் ஒரு புது போல்ட் வாங்கி வந்தேன்.

இரண்டு சுற்று சுலபமாகப் போனது. மூன்றாவதில் நின்றது.

யோசித்திருக்க வேண்டிய இடம் அது. நான் ஸ்பேனரை எடுத்தேன்.

'கடக்.' போல்ட்டைத் திருப்பிக் கழற்றினால் கூடவே இரும்புத் தூள் கொட்டியது. பழைய திருகை மாட்டினால் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றியது. உள்ளே திருகைப் பிடிக்கிற பல், அந்த மரை, போய்விட்டது. மாமா ஸ்டோர் ரூமுக்குள் வர இன்னும் ஒரு வாரம்தான்.

கணவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "முரட்டுப்பய நான் இல்லட்டி… ஆள் மாறிப்போச்சு!"

மரையைச் சரிசெய்வது எப்படி என்று போனில் தேடலாமென்றால், 'தோட்டா' என்று அடிக்கவே கை வரவில்லை. வீட்டில் பிள்ளை இருக்கிறது. யாராவது விசாரிக்க வந்தால்? துப்பாக்கியை ஒப்படைத்த ரசீதை மூன்று ஜெராக்ஸ் எடுத்துப் பைக்குள் வைத்த பிறகுதான் ஆட்டோவுக்கே சொன்னேன்.

குற்றாலத்தில் சீசன். வழியெல்லாம் வண்டிச் சோதனை. சாரலில் நனைந்தபடி ஒரு போலீஸ்காரர் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார்.

யுகேஜி படிக்கும் என் மகள் யாழினி, கேட்கும் முன்பே சொன்னாள்: "அங்கிள், எங்க அம்மா குண்டு மெஷின் கொண்டு போறாங்க!"

என் உயிர் ஒரு நிமிடம் வெளியே போய்விட்டு வந்தது. அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"துருவியா? எங்க வீட்லயும் ஒண்ணு இப்படித்தான் கெடக்கு. எங்கன ரிப்பேருக்குக் கொடுக்கிய?"

லேத் பட்டறை என்றேன். போகச் சொன்னார். துருவி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லாதது பொய்யா? தென்காசி வரும்வரை இதே யோசனை.

பட்டறையில் இன்னொரு அதிர்ச்சி. லேத் மெஷினிலிருந்து நிமிர்ந்தவர், யாழினி வகுப்புக் கவினின் அப்பா!

"யாழினி அம்மா… நீங்களா! என்ன இது?"

போச்சு. ராத்திரிக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப் முழுக்கத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் சொன்னேன். ரசீதையும் காட்டினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. சீப்புப் போலப் பல் வைத்த சின்னத் தகடு ஒன்றைப் பழைய திருகின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு என் புது போல்ட்டின் மேல் வைத்தார்.

"பழசு இன்ச் மரை. நீங்க வாங்குனது மில்லிமீட்டர் மரை. தடிமன் ஒண்ணு போலத்தான் இருக்கும், பல்லு சேராது. சேரலன்னதும் ஸ்பேனரப் போட்டியளாக்கும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அதத்தான போடுதாவ!"

வெல்டிங் வைத்து அடைக்கலாமா என்று கேட்டேன். "வார்ப்பு இரும்புல்லா, சூட்டுக்கு விரிசல் விட்டுரும்" என்றார். கெட்டுப்போன துளையைப் பெரிதாகக் கடைந்தார். சின்னக் குழாய்த் துண்டு போன்ற ஒரு எஃகு புஷ்ஷை அதற்குள் இறுக்கினார். அந்தப் புஷ்ஷுக்குள் பழைய இன்ச் கணக்கிலேயே புதிதாக மரை வெட்டினார். மாமாவின் துருப்பிடித்த திருகு, இரண்டே விரலில், வெண்ணெய் போல உள்ளே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கையாலயே திருகுங்க. கைக்கு நின்னுட்டுன்னா நீங்களும் நின்னுருங்க" என்றார்.

பொருளைக் கெடுப்பவர்கள் அலட்சியக்காரர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அலட்சியக்காரர்கள் துருவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், மரையும் பிழைத்திருக்கும். என்னைப் போல அக்கறை முற்றியவர்கள்தான் ஸ்பேனரோடு வருகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை. கறுப்புக் கண்ணாடியோடு மாமா ஸ்டோர் ரூமுக்குள் வந்தார். மெஷின் அதே இடத்தில், அதே திருகோடு நின்றது. கீழே குனிந்து பார்த்தால் ஒழிய புஷ் தெரியாது. சொல்லாமலே விட்டுவிடலாம்… விட்டால் அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் எனக்கு எப்படி விடியும்?

"மாமா, அதத் தொடுததுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

ஒரே மூச்சில் சொன்னேன். ஸ்பேனரையும் விடாமல்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, புஷ்ஷின் விளிம்பை நகத்தால் தடவினார். ரொம்ப நேரம்.

"கெட்டது போட்டும்மா. திருகு மாத்தணும்னு தோணிச்சில்லா, அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா? அடுத்த ரூம்லதான படுத்துக் கெடந்தேன்."

"உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு…"

"இப்ப பண்ணிருக்கது என்ன?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது. திருகைக் கையால் முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். அப்புறம், எண்ணெய்க் குப்பியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இந்தா, நீயே போடு. எண்ணெய் மட்டும்."

வாங்கிக்கொண்டேன். எத்தனை சொட்டு என்று கேட்டேன் — இந்த முறை, மூடியைத் திறப்பதற்கு முன்பே.