நாற்பத்தொன்பது ரூபாய்ப் பதிப்பு

திண்டிவனத்தில் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் பெண், முகையூர்ப் பக்கத்து நிலக்காரர் வீட்டில் பிறந்தவள். காலனிப் பையனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வந்து வருஷங்கள் ஆகியும், அண்ணன்மார் தேடுவதை நிறுத்தவில்லை. அவள் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்கக்கா. எங்க இருக்கோம்னு மட்டும் தெரிய வாணாம்” என்றாள்.

விழுப்புரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து முதல் பிரதியில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதினேன். பிறகு நானும் எடிட்டருமாகச் சேர்ந்து மறைத்தோம். எடிட்டர் அம்மாள் கில்லாடி. ஊரை மாற்றினார், தையல் கடையைப் பூக்கடை ஆக்கினார். கதை இன்னும் நன்றாகவே வந்தது. அச்சுப் புத்தகத்தை அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

சில மாதம் கழித்துப் பதிப்பாளர் அதை மின்னூலாகப் போட்டார். விலை நாற்பத்தொன்பது ரூபாய். நானும் ஒன்றை இறக்கி, போனில் திறந்தேன். தையல் கடை இருந்தது. தெருப் பெயர், எதிரே இருக்கும் மாவு மில், எல்லாமே இருந்தன.

பதிப்பாளரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“திருத்தமெல்லாம் அச்சுக்குப் போன ஃபைல்லதான் இருக்குது மேடம். நாப்பத்தொம்பது ரூபா புக்குக்கு மறுக்கா யாரு குந்திக்கினு ஏத்தறது? நீங்க மொதல்ல அனுப்பினதையே போட்டுட்டோம். இந்த வாரம் ஃப்ரீ வேற. நல்லா போய்க்கினு இருக்குது.”

அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார். ஆனால் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களின் போனிலிருந்து யார் எடுப்பது?

அவளிடம் சொன்னேன். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சதும் கெளம்பிடறோம்க்கா” என்று மட்டும் சொன்னாள்.

பரீட்சை முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் அழைத்தார். மரியாதையான குரல்.

“ரெண்டு புக்கையும் பக்கத்துல வெச்சிக்கினு படிச்சேங்க. போன்ல தையல் கடை, அச்சுல பூக்கடை. எதுங்க நெஜம்?”

“ரெண்டுமே கற்பனைதாங்க” என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

“கற்பனைன்னா எதுக்குங்க மெனக்கெட்டு மாத்தணும்?”

அவர் பின்னால் மாவு மில் ஓடும் சத்தம் கேட்டது.

“கடை சாத்தியிருக்குதுங்க” என்றார். “எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?”