பன்னிரண்டும் சரி

திங்கட்கிழமை காலையில் ஆபீசைத் திறந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது. சுற்றுலா வேன் ஆபீசுக்குத் திங்கட்கிழமை வரும் போன் நன்றி சொல்ல வருவதில்லை. ஏ.சி. ஓடவில்லை, ஹோட்டலில் வெந்நீர் வரவில்லை, மலையில் ஒரே குளிர், இப்படி ஏதாவது இருக்கும். மலை குளிர்ந்ததற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"உங்க டிரைவர் என்ன மனுஷங்க அவரு? சொந்தப் பொண்டாட்டிய மலை மேல மறந்துட்டு வந்துட்டாரு. திரும்பப் போய்க் கூட்டிட்டு வந்ததுல எங்க சஃபாரி போச்சு. புலி பாக்கணும்னு பிள்ளைங்க ஒரு மாசமா குதிச்சுட்டிருந்துச்சுங்க."

"எந்த டிரைவர் சார்?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, எனக்குத் தெரியும். அந்த வாரம் மனைவியோடு போன டிரைவர் ஒருவர்தான். அவர்களைச் சேர்த்து அனுப்பி வைத்தவளே நான்.

அந்த அண்ணனுக்கு மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் 'எண்ணிக்கை'. எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் சரி, கடைசி சீட்டில் தொடங்கி ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தட்டி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே முன்னால் வருவார். புக்கிங்கில் எத்தனை பேரோ அத்தனை பேர் வந்தால்தான் கதவைச் சாத்துவார். தூங்குகிற குழந்தையைக்கூடப் போர்வையை விலக்கிப் பார்த்துத்தான் எண்ணுவார். வேறு கம்பெனி வேன் ஒன்று மிருகக்காட்சிச் சாலையில் ஒரு குழந்தையை விட்டுவிட்டுப் போன கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்ட நாளிலிருந்து வந்த பழக்கம். "இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆள விட்டுட்டு வந்ததில்லம்மா" என்பார். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றுதான்.

மற்றபடி அவருக்குப் பேசவே தெம்பு இருக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு குடும்பத்தை ஏற்றினால் ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிடுவார். பிறகு சீட்டுக்கடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கத்தைச் சுரண்ட வேண்டும், வாந்தி நாற்றம் போகக் கழுவ வேண்டும், வெளியே உதறிய பிஸ்கட் தூள் போக உள்ளே மிஞ்சியதைப் பெருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் நடுவில் வீட்டுக்குப் போகவும் முடியாது. ஒரு பார்ட்டி இறங்கினால் அடுத்த பார்ட்டி பெட்டியோடு நிற்கும்.

இந்தக் குடும்பங்களைப் பற்றி நான் வாயைத் திறந்தால் முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார், இருந்தாலும் சொல்கிறேன். இரண்டே நாளில் ஏரி, பூங்கா, அருவி, சாக்லேட் கடை, வியூ பாயிண்ட், காட்டு சஃபாரி எல்லாம் பார்த்தாக வேண்டும். ஓய்வெடுக்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டே விடியுமுன் ஒருவரை ஒருவர் அதட்டி எழுப்புவார்கள். படகுக்கு வரிசையில் நிற்பார்கள், அருவியில் செருப்பைத் தொலைப்பார்கள், அழுகிற பிள்ளையைக் கிள்ளிச் சிரிக்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். திரும்பி வரும்போது எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார்கள். தூங்கக் கூடாதவர் அண்ணன் ஒருவர்தான்.

அவர் அந்த மலைக்கு எத்தனை தடவை ஏறியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் பார்த்ததெல்லாம் பார்க்கிங்தான். வண்டியை விட்டு நகர்ந்தால் குரங்கு கண்ணாடியைப் பிடுங்கும், பார்க்கிங்காரன் விசில் ஊதுவான். "வியூ பாயிண்ட் எப்படிண்ணே இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன். "அங்க தரை சரிவும்மா. சக்கரத்துக்குக் கல்லு வெக்கணும்" என்றார்.

அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் பட்டன் வைக்கிற வேலை பார்க்கிறார். ஊரிலுள்ள பிள்ளைகளின் சட்டைக்கெல்லாம் அண்ணி பட்டன் வைப்பார், அந்தப் பிள்ளைகளை அண்ணன் மலைக்குக் கூட்டிப்போவார். அவர்களுக்கு ஒரே மகள். வேலை கிடைத்து வெளியூர் கிளம்பிய அன்று, "எங்கப்பா எல்லாப் பிள்ளைங்களையும் மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு, என்னத் தவிர" என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அண்ணியும் சிரித்தாராம். அண்ணன் வெளியே போய் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தாராம்.

அண்ணியின் ஆசை சின்னதுதான். "எனக்குப் புலியும் வேண்டாம், படகும் வேண்டாம்மா. கல்யாணமான புதுசுல, மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. அங்க இவர்கூடக் கொஞ்ச நேரம் நின்னு கீழ பாக்கணும், அவ்வளவுதான்" என்பார். சீசன் முடியட்டும் என்பார் அண்ணன். சீசன் முடிந்தால் வண்டி ரிப்பேருக்குப் போகும். அது திரும்பி வந்தால் அடுத்த சீசன் வந்துவிடும். இப்படியே மகளும் வளர்ந்துவிட்டாள், அண்ணியின் முழங்காலும் தேய்ந்துவிட்டது.

போன வாரம் ஒரு பார்ட்டி வந்தது. பன்னிரண்டு பேர். டிரைவர் பக்கத்து சீட் காலி. டிரைவர் வீட்டு ஆளை ஏற்றுவது எங்கள் ஆபீசில் வழக்கமே இல்லை. நான் முதலாளியை நச்சரித்து, பார்ட்டியின் தலைவரிடமும் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். அண்ணி பக்கத்து வீட்டில் ஓர் ஊதா ஸ்வெட்டர் இரவல் வாங்கிக்கொண்டு வந்து ஏறினார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கே ஊருக்குப் போவது போல் இருந்தது.

இனி நான் சொல்வது அண்ணன் சொன்னதும் அண்ணி சொன்னதும் சேர்ந்தது. முதல் நாள் நன்றாகவே போயிருக்கிறது. ஓட்டும்போது அண்ணனுக்குத் தொண்டை வறளும். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பக்கத்தில் நீட்டுவார். அண்ணி மூடியைத் திறந்து தண்ணீர் பாட்டிலைக் கையில் வைப்பார். ஏரி, பூங்கா என்று எங்கே நின்றாலும் அண்ணன் வண்டியை விட்டு வரவில்லை. பார்ட்டியின் பின்னால் யாரோ போல நடக்க அண்ணிக்குக் கூச்சமாக இருந்ததால் அவரும் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். ராத்திரி ஹோட்டலில் டிரைவர்களுக்குக் கொடுக்கும் அறையில் பெண்கள் தங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் வேன் சீட்டில் மடங்கிப் படுத்திருக்கிறார்கள். "வீட்லயாவது காலை நீட்டியிருப்பேன்" என்றாராம் அண்ணி. சிரித்துக்கொண்டுதான்.

மறுநாள் ஒரு கொண்டை ஊசி வளைவில் பார்ட்டித் தலைவரின் மாமனாருக்குத் தலை சுற்றி, குமட்டல் வந்தது. முன்னால் உட்கார்ந்தால் சரியாகும் என்று அண்ணி தன் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, கடைசி சீட்டில் பைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.

வியூ பாயிண்ட் வந்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

"நீங்களும் வாங்களேன்" என்றார் அண்ணி.

"வண்டிய யாரு பாத்துக்கறது? சரிவு வேற. நீ போய் நல்லாப் பாத்துட்டு வா."

"ரெண்டு நிமிஷம்தான்."

"அடுத்த தடவை வரேன். போ, அவங்க கூடவே போ."

அண்ணி அவர்களோடு போகவில்லை. தொலைநோக்கியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. கம்பி வேலியின் ஓரமாகவே நடந்து, ஆள் இல்லாத கோடிக்குப் போய் நின்றார். இங்கே அண்ணனை, வண்டியை எடு எடு என்று பார்க்கிங்காரன் விரட்டுகிறான். பிள்ளைகள் குளிர் தாங்காமல் முன்னமே ஓடிவந்துவிட்டார்கள். ஐந்து மணிக்குக் காட்டு வாசலை மூடிவிடுவார்கள், கடைசி சஃபாரி போய்விடும் என்று பார்ட்டித் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த அவசரத்திலும் அண்ணன் எண்ணாமல் விடவில்லை. பின்னாலிருந்து முன்னால் தட்டிக்கொண்டே வந்தார். முன் சீட்டில் பெரியவரோடு பன்னிரண்டு. பார்ட்டி பன்னிரண்டு. சரியாக இருந்தது. கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார்.

நாலைந்து வளைவு இறங்கியிருப்பார். தொண்டை வறண்டது. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். பக்கத்திலிருந்த பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், மரியாதைக்கு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அவரு கையக் கொடுத்தப்பத்தான் அவ ஞாபகம் வந்துச்சும்மா" என்றார் அண்ணன் என்னிடம். கண்ணாடியில் கடைசி சீட்டைப் பார்த்தார். பைகள் மட்டும் இருந்தன. கூப்பிட்டுப் பார்த்தார். ஓரம்கட்டி நிறுத்தி அண்ணியின் நம்பருக்குப் போட்டார். அந்தப் பைகளுக்கு நடுவிலிருந்து மணி அடித்தது.

"அவங்கள ஒரு ஆட்டோ புடிச்சு வரச் சொல்லுங்க, சஃபாரி போயிரும்" என்று பார்ட்டித் தலைவர் சொன்னாராம். போனே இங்கே இருக்கிறது, யாரிடம் சொல்வது? பார்ட்டி சொன்னால் எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத மனுஷன் அன்றைக்கும் எதுவும் பேசவில்லை. லாரி ஒதுங்கும் இடம் வரை போய், வண்டியைத் திருப்பினார். பின்னால் சத்தம் போட்டார்கள். "சும்மா இருங்கடா, பொம்பளப் பிள்ள தனியா நிக்குது" என்று பெரியவர்தான் அடக்கினாராம்.

மேலே போனபோது பனி இறங்கிவிட்டது. கைக்கெட்டுகிற தூரம்கூட மங்கல். அண்ணன் சக்கரத்துக்குக் கல்கூட வைக்காமல் இறங்கி ஓடினார். வேலியின் கோடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அழவில்லை. திட்டவும் இல்லை.

"பன்னிரண்டும் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு" என்றாராம் இவர்.

வேன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது, பிள்ளைகள் வேலையாக இருக்கும். அண்ணன் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணி பக்கத்தில் நின்றார். எத்தனையோ வருடத்தில் முதல்முறையாக அந்த இடத்தில் நின்றிருக்கிறார். முன்னால் வெறும் வெள்ளை.

"என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியல. நான் வந்ததுல இருந்து பனிதான்" என்றார் அண்ணி. "வாங்க, அவங்க கூப்பிடறாங்க."

நான் போனில் பார்ட்டித் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்தார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, முடிந்ததும், "ரெண்டு நாள் லீவு வேணும்" என்றார். சீசனில் அவர் லீவு கேட்டு நான் பார்த்ததே இல்லை. முதலாளியும் அதிர்ச்சியில் சரி என்றுவிட்டார். "பஸ்ல கூட்டிட்டுப் போறேன்மா. நான் ஓட்ட மாட்டேன். அவ பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

அந்த லீவின் இரண்டாம் நாள் அண்ணி ஆபீசுக்கு வந்தார். வேனில் விட்டுப்போன இரவல் ஸ்வெட்டர் என் மேசையடியில் இருந்தது.

"என்ன அண்ணி, மலைக்குப் போகலியா?"

"வேண்டாம்னுட்டேன். ரெண்டு நாளும் தூங்குங்கன்னுட்டேன். நேத்துல இருந்து தூங்கறாரு. தூக்கத்துலயும் கைய நீட்டறாரும்மா. தண்ணிய எடுத்துக் குடுத்தேன், வேற என்ன பண்றது." ஸ்வெட்டரை மடித்தார், மறுபடி பிரித்து மடித்தார். "எனக்கு மலை போதும். பாத்தாச்சு."

"பனியில என்னத்தப் பாத்தீங்க?"

அண்ணி ஸ்வெட்டரை மேசை மேல் வைத்தார். பிறகு சொன்னார். "பனி அப்புறம்தான் வந்துச்சு. நான் நின்னப்ப எல்லாமே பளிச்சுனு தெரிஞ்சுது. கீழ ரோடு முழுக்கத் தெரியும் அங்கருந்து. நம்ம வேன் தெரிஞ்சுது. மொதல்ல வண்டியத் திருப்பி நிறுத்தப் போறாருன்னு நெனச்சேன். அப்புறம் இறங்கிப் போறது தெரிஞ்சுது. ஒரு வளைவுல செவப்பு லைட் எரிஞ்சுது. ஞாபகம் வந்துருச்சு, நிறுத்திட்டாருன்னு எந்திரிச்சேன். போயிட்டே இருந்துச்சு. அடுத்த வளைவுலயும் எரிஞ்சுது. மறுபடி எந்திரிச்சேன். ஒவ்வொரு வளைவுலயும் எரிஞ்சுது. எனக்காகத்தான் எரியுதுன்னு நெனச்சு நெனச்சு எந்திரிச்சேன். வளைவுன்னா எல்லா வண்டியும் பிரேக் போடத்தானே செய்யும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை. "அவர்கிட்ட சொல்லிடாத. இப்பத்தான் கொஞ்சம் தூங்கறாரு" என்று சொல்லி, ஸ்வெட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் அண்ணன் வண்டிச் சாவி வாங்க வந்தார். வெளியே புதுப் பார்ட்டி பெட்டிகளோடு நின்றது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னாலேயே நின்றார்.

"நேத்து அவ வந்தாளாமே. அங்க என்ன பாத்தான்னு உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"பனின்னு சொன்னாங்கண்ணே" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய், பார்ட்டி ஏறியதும் பின் சீட்டிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.