கேட்டுக்கு எதிரே கட்டிய பேனர்

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது ஒரு வேலையை நான் தவறவிடுவதில்லை. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு நான்தான் கணக்கு டீச்சர். மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக வராண்டாவுக்கு அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவேன். எந்தப் பாடம் புரியவில்லை, வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கிறாய், பள்ளிக்கு வரப் பிடிக்காத நாள் எது என்பதுதான் கேள்வி. மதிப்பெண்ணைப் பற்றி அப்போது பேசுவதில்லை. ஜூனில் இதைக் கேட்டால் புதுப் புத்தக வாசனையில் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். மார்ச்சில் கேட்டுப் பயனில்லை. ஆண்டின் நடுவில்தான் உண்மை வெளியே வரும், சரி செய்யவும் நேரம் இருக்கும்.

பள்ளி, ஆந்திராவில் புத்தூருக்கும் நகரிக்கும் இடையில் உள்ள ஒரு ஊரில் இருக்கிறது. நான் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். பெரும்பாலும் தறி வீட்டுப் பிள்ளைகள், தமிழ் மீடியம். அந்த டிசம்பரில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "தறி ஓடறப்போ கத்திப் படிச்சாத்தான் எனக்கே கேக்கும் டீச்சர். கரெண்ட் போச்சுன்னா நான் படிக்கறது தெருவுக்கே கேக்குது. பக்கத்து வீட்டு அண்ணன் தப்பைத் திருத்துறாரு." இன்னொருத்தி தனக்குப் பின்னம் மட்டும் பிடிக்காது என்றாள். ஏன் என்றேன். "மேலயும் நம்பர், கீழயும் நம்பர், எதைப் பாக்கறதுன்னே தெரியல" என்றாள். அவளுக்கு மறுநாளே தோசையை வெட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

ஏழாம் வகுப்பை முடிக்கும்போது ஒரே ஒரு மாணவி பாக்கி இருந்தாள். கார்த்திகையில் பெரியவளாகி வீட்டில் இருந்தாள். எங்கள் பக்கத்தில் அந்தக் காரணத்துக்காக ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டுவார், பிள்ளை அதில் இருப்பாள், பிறகு மண்டபத்தில் சடங்கு, சாப்பாடு. எங்கள் ஆசிரியர்களுக்கும் பத்திரிகை வந்தது. போனோம், வாழ்த்தினோம், சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவள் அம்மா பந்தியில் உட்கார வைத்து அனுப்பினார். சடங்கு முடிந்தால் பள்ளிக்கு வந்துவிடுவாள் என்று இருந்தேன். வரவில்லை.

காரணத்தை அவளுடைய தோழி சொன்னாள். வராண்டாவில் தன் முறை முடிந்தும் எழுந்திருக்காமல் பாவாடை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ வரமாட்டா டீச்சர்."

"ஏம்மா?"

"எதிர்ல பேனர் கீதே, அதான்."

பள்ளிக் கேட்டுக்கு நேர் எதிரில், கரெண்ட் கம்பத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே அந்த ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தார்கள். பட்டுப்புடவை, தலையில் கிரீடம், பின்னால் எங்கோ வெளிநாட்டு அருவி. தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி வாழ்த்து. ஓரத்தில் தாய்மாமன் கும்பிட்டபடி, பிள்ளையைவிடப் பெரிதாக. கீழே வட்ட வட்டமாக அவருடைய நண்பர்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைந்தேன். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கட்சி பேனர் எல்லாம் பார்த்துப் பழகிய கண்.

சடங்குக்கு மறு வாரம் அவள் யூனிஃபார்ம் போட்டு, இரட்டைப் பின்னலோடு கேட் வரை வந்திருக்கிறாள். எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் பேனருக்கு முன்னால் வரிசையாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். ஒருவன் சாக்பீஸ் தூளை விபூதிபோல் எல்லோருக்கும் கொடுத்தானாம். அவளைப் பார்த்ததும், "டேய், ஒரிஜினல் வந்துட்ச்சிடா" என்று ஒரு குரல். அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நாங்க இன்னா டீச்சர் பண்ணோம்? வணக்கம்தான வச்சோம்" என்றான் விபூதி கொடுத்தவன்.

"உன் காதுகுத்துக்கு மொட்டைத்தலையோட பேனர் கட்டினாங்களே, அதுக்கும் தினம் வணக்கம் வைக்கலாமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அதோடு கும்பிடு நின்றது. ஆனால் பேனர் அங்கேயே இருந்தது.

தலைமை ஆசிரியரிடம் போனேன். தெலுங்குக்காரர், நல்லவர், தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். "அது வாள்ள ஆச்சாரம் மேடம். மனகெந்துகு?" என்றார். அது அவர்கள் வழக்கம், நமக்கு எதற்கு என்று பொருள். ஊராட்சித் துப்புரவுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். கட்சி பேனர் என்றால் உடனே அவிழ்த்துவிடுவாராம். "இது மாமன் கட்டினது மேடம். மாமன் வந்துதான் அவுக்கணும்" என்றார்.

குச்சுக்கு அந்த முறை உண்டு. ஓலை கட்டிய தாய்மாமனே அதைப் பிரிக்க வேண்டும். வேறு யார் கை வைத்தாலும் அவருக்கு அவமானம், பிள்ளைக்கும் ஆகாது என்பார்கள். பிளாஸ்டிக் பேனருக்கு அந்த முறையை யார் நீட்டினார்கள் என்று தெரியவில்லை. ஆனால் ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது.

தேர்வு புதன்கிழமை தொடங்குவதாக இருந்தது. முதல் நாளே கணக்கு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் அப்பா ஒன்றை நிறுத்தினார். இன்னொன்றை நிறுத்த மனம் வரவில்லை. அதனால் எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசினோம். பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து தறிக்கான நூலைக் கட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கை பழகியிருந்தது.

எனக்கு அதைப் பார்த்ததும்தான் கவலை பிடித்தது. அரையாண்டுத் தேர்வு எழுதாமல் வீட்டில் இருக்கும் பெண், சங்கராந்தி கழித்து வருகிறேன் என்பாள். சங்கராந்திக்குள் தார் சுற்றும் வேலை அவளுடையதாகிவிடும். அதற்குப் பிறகு யாரும் போகாதே என்று சொல்ல வேண்டியதில்லை. வேலை அவளை நம்பியிருக்கும், அவ்வளவுதான். அந்தத் தெருவிலேயே அப்படி நின்றுபோன இருவரை எனக்குத் தெரியும். இருவரும் நன்றாகப் படித்தவர்கள்.

"நாங்க போவாதன்னா சொல்றோம் மேடம்?" என்றார் அம்மா. "அதுதான் போவமாட்டேன்னு குந்திக்கினு கீது."

"பேனரை எடுத்துட்டா வந்துடுவாம்மா."

அம்மா கணவரைப் பார்த்தார். அவர் நூலைப் பார்த்தார்.

"எந்தம்பி ஆசையா கட்டினது. சங்கராந்தி வரைக்கும் இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போச்சு. அவுக்கச் சொன்னா மனசு ஒடிஞ்சிடும். ஏற்கெனவே அது செலவு பண்ண பந்தியில பாயசம் தீந்துபோச்சுன்னு இவரு ஒரு வார்த்தை சொல்லி, அது மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு போச்சு."

"பாயசம் தீந்துபோச்சின்னா தீந்துபோச்சின்னுதான சொல்லணும்?" என்றார் அப்பா.

"வுடு நைனா" என்றாள் பிள்ளை, தலையைத் தூக்காமல். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பையன்கள் இனிமேல் கேலி செய்ய மாட்டார்கள் என்றேன். அவள் தார்க்கட்டையை மாற்றிப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அவங்க கும்புட்டாகூடப் பரவால்ல டீச்சர். அது நானே இல்ல. மூஞ்சியெல்லாம் வெள்ளையாக்கிட்டாங்க. நான் கேட்டுல நிக்கறப்போ எல்லாரும் அதைப் பாத்துட்டு என்னைப் பாக்கறாங்க."

மறுநாள் கேட்டருகே நின்று பேனரை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். அவள் நிறம் நல்ல கறுப்பு. படத்தில் சந்தன நிறத்தில் யாரோ ஒரு பெண் இருந்தாள். மூக்கின் பக்கத்தில் இருந்த மச்சத்தையும் அழித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாய்மாமனைத் தேடிப் போனேன். அவர் திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறார். ரயில்வே ஸ்டேஷனில் பக்தர்களை ஏற்றி மலையடிவாரத்தில், அலிபிரியில் இறக்குவது அவர் தொழில். ஸ்டாண்டில் விசாரித்ததும் கை காட்டினார்கள். மண்டபத்தில் பார்த்த டீச்சர் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. டீ சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்தார்.

"எங்க மாமா அனுப்பினாரா?"

"யாரு, உங்க அக்கா வீட்டுக்காரரா? இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"பாயசத்துலயே தெரியும் எனக்கு. மேடம், எங்கக்கா பொண்ணுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வாங்கோ? பேனரை ஊருக்குள்ள கட்டலாம்னாங்கோ. நான்தான் இஸ்கூல் முன்னாடி கட்டுங்கடான்னேன். படிக்கற புள்ளைன்னு தெரியணும் இல்ல? அதோட சாருங்கெல்லாம் பாக்கணும் இல்ல?"

"அந்தப் படிக்கிற பிள்ளைதான் இப்போ பள்ளிக்கு வரலைங்க."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. அக்கா அவரிடம் சொல்லவே இல்லை. முகம் மாறியது.

"எவன் கிண்டல் பண்ணான்? பேரைச் சொல்லுங்கோ மேடம்."

"பையன்களை நான் பாத்துக்கிட்டேன். அவ வராதது வேற ஒண்ணுக்கு. மூஞ்சிய வெள்ளையாக்கிட்டாங்க, அது நான் இல்லைன்னு சொல்றா."

பக்கத்து ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். "அதுல உன் மூஞ்சியும்தான் வெள்ளையா கீது. நானே யாரோ சினிமாக்காரன்னு நெனச்சிக்கினேன்."

"டேய், மூடு" என்றார் மாமன். பிறகு என்னிடம், "அது கடைக்காரன் பண்ணது மேடம். நான் கேக்கல. எல்லாருக்கும் அப்டித்தான் போடுவான். நல்லா கீதுன்னு நெனச்சி வுட்டுட்டேன்" என்றார். ஆட்டோ கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். "செவ்வாக்கெழம அவுக்கக் கூடாது" என்றார், எனக்கா தனக்கா என்று தெரியாமல்.

"திங்கட்கிழமை?"

"அன்னிக்கு ஒரு பார்ட்டி காளஹஸ்திக்குப் புக் பண்ணிக்கினு கீது. பாக்கலாம் மேடம்."

பார்க்கலாம் என்று சொல்பவர்கள் வருவதுண்டு, வராததும் உண்டு. திங்கள் அவர் வரவில்லை. செவ்வாயும் பேனர் இருந்தது. அன்று மாலை மறுபடி அவள் வீட்டுக்குப் போய், விட்டுப்போன சதவீதக் கணக்கை முடிந்தவரை சொல்லிக்கொடுத்தேன். தறிச் சத்தத்தில் இருவரும் கத்திக்கொண்டே லாபமும் நஷ்டமும் போட்டோம். நாளைக்கு வருவாயா என்று கேட்டேன். அவள் நோட்டை மூடி வைத்தாள். ஆனால் ஹால்டிக்கெட் வேண்டுமா டீச்சர் என்று அவள் அப்பா கேட்டார். ஏழாம் வகுப்புக்கு அதெல்லாம் இல்லை, அட்டையும் பேனாவும் போதும் என்றேன்.

புதன்கிழமை காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டெதிரே கூட்டம். நடுவில் திருப்பதி ஆட்டோ. தாய்மாமன் புது வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். சும்மா அவிழ்த்தால் நன்றாக இருக்காது என்று நினைத்திருக்கிறார் போலும். கரெண்ட் கம்பத்தடியில் கற்பூரம் எரிந்தது. தேங்காய் உடைத்தார். கேலி செய்த எட்டாம் வகுப்புப் பையன்களையே கூப்பிட்டு, "ஒருத்தன் அந்தப் பக்கம் புடிங்கடா, மண்ணுல படாம" என்று அதட்டினார். அவர்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். இத்தனை நாள் பேனரைப் பார்க்காதவர்கள்கூட அன்று நின்று பார்த்தார்கள்.

ஆட்டோவின் பின்சீட்டில் அவள் இருந்தாள். யூனிஃபார்ம், இரட்டைப் பின்னல், மடியில் பரீட்சை அட்டை. அந்த அட்டையால் பாதி முகத்தை மறைத்திருந்தாள்.

"சீக்கிரம் மாமா" என்றாள்.

"இரு பாப்பா, முடிச்சு இறுகிக்கினு கீது."

பேனர் இறங்கியதும் அவர் அதைப் படம் உள்பக்கம் போகும்படி சுருட்டினார். பிறகு தலைமை ஆசிரியருக்குத் தேங்காய் மூடி ஒன்று கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "மன்ச்சிதி, ரொம்ப நல்லது" என்றார். மணி அடித்தது. கூட்டம் கலைந்த பிறகுதான் அவள் இறங்கினாள். தோழி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் இப்போது கம்பமும் ஜெராக்ஸ் கடையும் மட்டும்தான் இருந்தன. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமலே உள்ளே போனார்கள்.

தேர்வறையில் நான் அன்று கண்காணிப்பில் இல்லை. ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் தெரிந்தது. மாமன் திருப்பதிக்குத் திரும்பவில்லை. வண்டியை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு, தேர்வு முடியும்வரை அதிலேயே படுத்திருந்தார்.

அவள் வெளியே வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். "எப்டி எழுதின?"

"மூணு கணக்கு வுட்டுட்டேன் மாமா. லாப நஷ்டம் முழுசா வரல."

அவர் என்னைப் பார்த்தார். திட்டலாமா என்று கேட்பதுபோல் இருந்தது. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"போவட்டும், ஏறு. துன்னியா ஏதாச்சும்?" என்று வண்டியை எடுத்தார்.

அவள் ஏறாமல் என்னிடம் வந்தாள். "டீச்சர், அந்த மூணையும் நாளைக்கு மதியம் சொல்லித் தர்றீங்களா? பரீட்சை முடிஞ்சிட்டாலும்?"

சொல்லித் தருகிறேன் என்றேன்.